மறியல் மரமும் மெத்தனால் லாரியும்

போன வாரம் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். சேலம் நெடுஞ்சாலை ஓரம் ஒரே கூட்டம். என்னவோ ஏதோ என்று காரை நிறுத்தினால்... ஒத்திகை! ரசாயன டேங்கர் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று தீயணைப்புத் துறையினர் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். முகமூடி, ரப்பர் பூட்ஸ், நுரை பீய்ச்சும் குழாய் — எல்லாம் கச்சிதம்.

“முதல் வேலை, பொதுமக்களை அப்புறப்படுத்துவது” என்றார் அதிகாரி மைக்கில்.

பொதுமக்கள் சமர்த்தாக நகர்ந்தார்கள். ஒத்திகை ஆயிற்றே!

நிஜத்தில் நகர்வார்களா? அதையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதே சாலையில்.

எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். சாலைக்குச் சாலை மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். நான் அப்போது உளுந்தூர்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். வீடு கள்ளக்குறிச்சி. பஸ் ஏது? பாதி தூரம் சைக்கிள், பாதி தூரம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடை.

எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதும் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. மறியல்காரர்கள் இருபது பேர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டேங்கர் லாரி. வந்த வழியே திரும்ப முயன்றிருக்கிறது. பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வால்வு சிறுபாலத்தின் சுவரில் இடித்துவிட்டது. தண்ணீர் மாதிரி என்னவோ ஒழுகி ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

மெத்தனால். தொழிற்சாலைக்குப் போகிற விஷம். பார்க்கத் தண்ணீர், மணத்தில் சாராயம்... கேட்க வேண்டுமா?

“டேய், மலைச் சரக்கு மாதிரியே மணக்குதுடா!” என்றார் வேலு. மறியலுக்குத் தலைமை தாங்கிய கோவிந்தனின் தங்கை புருஷன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சாராயத்தில் அனுபவஸ்தர். சொன்ன கையோடு டீ கிளாஸில் பிடித்து மடமடவென்று குடித்தும் விட்டார்.

சேலத்துக்கார டிரைவர் துண்டால் வால்வை அழுத்திக்கொண்டு கதறினார். “குடிக்காதீங்க சாமி! அது விஷமுங்க! பீடியத் தூக்கிப் போடுங்க, பத்திக்கிச்சுன்னா நெருப்புகூட கண்ணுக்குத் தெரியாது!”

“முதலாளிக்கு நஷ்டம் வந்துடுமேன்னு கத்துறான்டா” என்றார் ஒருவர். சிரிப்பு.

சரி, படித்தவன் சொன்னால் கேட்பார்கள் என்று நான் முன்னால் போனேன். “நான் கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். அவர் சொல்றது நிஜம்...”

கோவிந்தன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கவர்மெண்ட் பேச்ச நம்புறதா இருந்தா, நாங்க ஏன் சார் ரோட்டுல குந்திக்கினு கீறோம்?”

டிரைவர் பக்கமே திரும்பி வந்தேன்.

அதற்குள் வயல் வரப்பு வழியாகக் காலனி ஜனங்கள் ஓடையில் தண்ணீர் மொள்ளக் குடங்களோடு வந்துவிட்டார்கள். மறியல்காரர்கள் முகம் சுருங்கியது. அந்த வருஷம் ஊருக்கும் காலனிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அடிதடி ஆகிவிடுமோ என்று சைக்கிளை ஓரமாக ஒதுக்கினேன்.

முன்னால் வந்தது அஞ்சலை என்ற பெண்மணி. களையெடுப்பு வேலைக்குப் போகிறவர். குடத்தை ஓடையில் இறக்கப் போனவர், டிரைவர் கத்தியதைக் கேட்டு அப்படியே நின்றார்.

“இன்னாங்க இது? மரத்துக்குப் பாலிஷ் போடறப்ப கலக்குவாங்களே, அந்த ஸ்பிரிட்டா?”

“அதேதாங்கம்மா!”

குடத்தை வரப்பில் கவிழ்த்து வைத்தார். தன் ஜனங்களைப் பார்த்து, “யாரும் தொடாதீங்க. எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு போனது இதாலதான்” என்றார். அத்தனை குடமும் பின்வாங்கின.

பிறகு யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். வேலு கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்துவிட்டு, நேரே கிடந்த மரத்தருகே போனார்.

“இவரு குடிச்சாரா?”

“குடிச்சேன். இன்னா இப்போ? நல்லாதான் கீறேன்!” வேலு சிரித்தார்.

அஞ்சலை அவரிடம் பேசவில்லை. கோவிந்தனிடம் சொன்னார். “அவரும் இப்பிடித்தாங்க சிரிச்சிக்கினு இருந்தாரு. ராவு நல்லா தூங்குனாரு. காலையில நல்ல வெயில்ல உக்காந்துக்கினு, இன்னும் வெளக்கு ஏத்தலயான்னு கேட்டாரு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

கோவிந்தனின் முகம் வெளுத்துவிட்டது. மைத்துனனைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வழியெல்லாம் இவர்கள் ஆட்களே வெட்டிப்போட்ட மரங்கள்!

“அண்ணே, ரோட்டத் தொறந்தா போலீசு உள்ள வந்துடும்” என்றார் பக்கத்தில் ஒருவர்.

“வரட்டும். கோடாரியக் கொண்டா.”

என் சைக்கிளை எலவனாசூர்கோட்டைக்கு விரட்டினேன், போன் செய்ய. “ரோட்டுல மரம் கிடக்குதே, எப்படி வர்றது?” என்று கேட்டார்கள் தீயணைப்பு நிலையத்தில். “எல்லாம் எடுத்தாச்சு!” என்றேன். பொய். ஆனால் நான் திரும்பி வருவதற்குள் அது உண்மையாகிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி இழுத்து மரத்தை ஒதுக்கியிருந்தார்கள். வேலுவை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் என் எதிரே பறந்தது. அதற்கு முன்பே இரண்டு பேர் சைக்கிளில் கிளம்பி, அடுத்தடுத்த மரங்களை ஒதுக்கச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

ஓடைத் தண்ணீர் ஏரிக்குப் போகாமல் குறுக்கே மண்கரை எழும்பிக்கொண்டிருந்தது. மறியல்காரர்கள் மண் வெட்ட, காலனிப் பெண்கள் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. பின்னாலேயே போலீஸ் ஜீப். கோவிந்தன் ஓடவில்லை, மண்வெட்டியோடு நின்றார். இன்ஸ்பெக்டர் கரையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், திரும்பிப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். (அடுத்த வாரம் கோவிந்தனைப் பிடித்துப் போனார்கள். அது வேறு கதை.)

மறுநாள் காலையில் வேலுவுக்குப் பார்வை மங்கியது. ஆனால் அதற்குள் வைத்தியம் ஆரம்பித்து ஒரு ராத்திரி ஆகியிருந்தது. பிழைத்தார். ஒரு கண் தேறிவிட்டது. இன்னொன்றில் கடைசிவரை நிழல்தான்.

ஆபத்து நேரத்தில் என்ன சொல்கிறோம் என்பதா முக்கியம்? யார் சொல்கிறார்கள் என்பதுதான். டிரைவருக்கு லாரி தெரியும், எனக்குப் படிப்பு தெரியும். அஞ்சலைக்கு அந்தக் காலை நேரம் தெரியும். அதனால்தான் நம்பினார்கள்.

வேலு வீடு திரும்பிய பிறகு அவர் மனைவி தனியாகக் காலனிக்குப் போனாராம். அஞ்சலை வாசலில் பாய் போட்டிருக்கிறார். வேலு மனைவி அதில் உட்காரவில்லை. உள்ளே போய், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

அந்த வருஷம், அந்த ஊரில், அது சாதாரணத் தண்ணீர் இல்லை.