அடித்துப் பார்க்காத கரைசல்

மாங்குளத்தில் நாற்றுக் கடை வைத்திருக்கிறேன். கடைக்காக ஒரு வலைப்பதிவும் எழுதுகிறேன். வாசகர்கள் குறைந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் நாளுக்குப் பத்துத் தடவை எண்ணிக்கையைப் பார்ப்பேன். எழுத ஒன்றும் இல்லாத ஒருநாள், எங்கோ படித்த பூச்சிவிரட்டிக் கரைசலை நானே செடிகளுக்கு அடித்துப் பார்த்ததுபோல எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் முள்ளியவளையிலிருந்து பஸ்ஸில் வந்த இளம்பெண் ஒருத்தி, கருகிய மிளகாய்க் கன்றை என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, நீங்கள் எழுதின கரைசலை அடிச்சுப் பாத்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. எழுத ஒண்டும் இருக்கேல்லை. வாசிக்கிற ஆக்கள் குறைஞ்சிடுவினம் எண்டு பயந்து எழுதிட்டன்."

"எழுத ஒண்டும் இல்லாட்டி விடுங்கோவன். நாங்கள் எங்கை போகப்போறம்?"

அன்றே உண்மையை எழுதி மன்னிப்புக் கேட்டேன். "வாசிச்சன்" என்று முதலில் பதில் போட்டவள் அவள்தான்.

இப்போதும் பதிவிடும்போது கை தயங்குகிறது. யாரோ ஒருவர் அதை நம்பித் தோட்டத்தில் இறங்குவார்.