ஆட்சேபம் உண்டா என்று கேட்டவர்

சென்ற செவ்வாய்க்கிழமை பாடத்திட்ட போர்டின் கூட்ட அறிவிப்பு தபாலில் வந்தது. அடியில் வழக்கமாக இருக்கும் யூசுப் சாகிப்பின் சாய்ந்த கையெழுத்து இல்லை, வேறு யாரோ கையெழுத்திட்டிருந்தார்கள். லீவில் இருக்கிறாரோ என்று கல்லூரி ஆபீஸிலிருந்து டெலிபோன் செய்து கேட்டேன். எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்குத் தெரியாதா அம்மா? வெள்ளிக்கிழமை தவறிட்டார். மாரடைப்பு" என்றார்.

அன்று சாயங்காலமே கச்சேரி ரோட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அடக்கம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி ஹலீமா பீபியை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அந்த அம்மாள் சொன்ன ஒரு விஷயத்தைக் கேட்ட பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

பல்கலைக்கழக ஆபீஸில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவர் என்ன செய்து வந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தக் காரியமும் ஒரு குழு வழியாகத்தான் நடக்கும். பாடத்தை வகுக்க ஒரு குழு, பரீட்சை வைக்க ஒரு குழு, ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு, தப்பு நடந்தால் விசாரிக்க ஒரு குழு. பெயர்களை முடிவு செய்வது சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழு. அவசரமென்றால் துணைவேந்தரே நியமிப்பார். ஆனால் இன்னார் எத்தனை வருஷமாக இருக்கிறார், யாருக்கு யார் உறவு, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதையெல்லாம் பார்த்துப் பட்டியலை எழுதி மேலே அனுப்புகிறவர் யூசுப் சாகிப். குழுப் பிரிவின் தலைமை குமாஸ்தா. "நாற்காலியில யாரை உட்கார வைக்கறதுன்னு பெரியவங்க பார்த்துப்பாங்க. யார் உட்காரக் கூடாதுன்னு பார்க்கறதுதான் என் வேலை" என்பார்.

அவர் பயந்த மனிதர். இதைச் சொன்னால் அவருக்கு அவமரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். துணைவேந்தர் அறையில் மணி அடித்தால் பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பார். யுத்தகாலத்தில் ஒத்திகைச் சங்கு ஊதும்போது பதுங்குகுழியில் முதலில் இறங்குபவர் அவர்தான். சிப்பந்திகள் அவர் காதுபடவே கேலி செய்வார்கள். கேட்டுக்கொண்டு சிரிப்பார்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியான அந்தக் கோடையில் என்மேல் ஒரு பழி வந்தது. இண்டர்மீடியட் கணக்குப் பரீட்சையின் இரண்டாம் தாளை அந்த வருஷம் எழுதிக் கொடுத்தவள் நான். பரீட்சைக்கு முந்தின நாள் மயிலாப்பூரில் ஒரு டுடோரியல் காலேஜில் அதிலிருந்து நான்கு கணக்குகளை அப்படியே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். விஷயம் பல்கலைக்கழகத்துக்கு எட்டிவிட்டது. அச்சகத்துக்கு வெளியே தாளைப் பார்த்தவர்கள் மொத்தம் இரண்டே பேர். எழுதிய நான் ஒருத்தி. அச்சுக்கு முன் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பரீட்சை போர்டுத் தலைவர் இன்னொருவர். அவர் பெரிய பேராசிரியர், பெயர் வேண்டாம். விளக்கம் கேட்டு வந்த கடிதம் எனக்கு மட்டும்தான் வந்தது.

தியாகராய நகரில் எங்கள் தெருவில் பதினாறு வீடு. பதிமூன்று பூட்டிக்கிடந்தது. ஜட்கா வண்டிகள் மெத்தையும் பாத்திரமுமாக எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் பால்காரர் ஒருநாள் மாட்டை ஓட்டிக்கொண்டு, "நானும் கிளம்பறேம்மா, இங்க யாரு கீறாங்க பால் வாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் மாமா ஊருக்குப் போய்விடலாம் என்று அம்மா தினமும் சொல்வாள். போனால் குற்றவாளி ஓடிவிட்டாள் என்பார்கள் என்றேன். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, "ஆத்துல ரெண்டு பொம்மனாட்டி. குண்டு விழுந்தாக்கூட யாருக்கும் தெரியாது. உன் மேல பழி விழுந்தா ஊருக்கே தெரிஞ்சுடும். எதுக்குப் பயப்படறதுன்னே தெரியலைடி" என்றாள். எனக்கும் தெரியவில்லை. வெளியே தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

விசாரணைக்கு மூன்று பேர் குழு போட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். மற்ற இருவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஆபீஸே உள்நாட்டுக்கு மாறப்போகிறது, அதற்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று அவசரம். ஊரில் மிஞ்சியிருந்தவர்களில் இரண்டு பேரைத் துணைவேந்தர் புதிதாக நியமித்தார். அறிவிப்பைப் பிரித்துப் படித்தேன். ஒருவர் ஒரு கல்லூரியின் பிரின்சிபால். இன்னொருவர் அதே பேராசிரியர். யாரும் கிடைக்காத நேரத்தில் தானாகவே முன்வந்தாராம். தாள் யார் கையிலிருந்து போனது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு உள்ளாக வேண்டியவர்களில் ஒருவர் என்னை விசாரிக்கப் போகிறார்.

மறுநாள் ஆபீஸுக்கு ஓடினேன். யூசுப் சாகிப் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பட்டியலை நீட்டி, இது சரிதானா என்று கேட்டேன். அவர் நிமிரவே இல்லை. "நான் ஒண்ணும் சொல்லக்கூடாதும்மா. விசாரணை அன்னிக்கு வந்துடுங்க" என்றார். கோழை என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே படியிறங்கினேன். அவர்மேல் இருந்த கோபத்தில் அன்று ஒரு பொழுதாவது பயம் மறந்திருந்தது.

விசாரணை நாள் காலை பத்தரை மணி. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்துப் பிரியமாகத் தலையசைத்தார். எனக்கு அதுதான் அதிகத் திகிலாக இருந்தது. யூசுப் சாகிப் ஓரமாக நின்று நியமன உத்தரவைப் படித்தார். விதிப்படி, உறுப்பினர் யாரைப் பற்றியாவது எனக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

உண்டு என்று சொல்லத்தான் இரவெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பேராசிரியர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கும் அவர் போர்டில்தான் நான் இருக்க வேண்டும், அவர் சொன்னால் கல்லூரியில் என் வேலை போய்விடும் என்றெல்லாம் ஒரு கணத்தில் ஓடியது. "இல்லை" என்று சொல்லிவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அதை எழுதிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். உறுப்பினர்களில் ஒருவர் இந்த வினாத்தாளைப் பரிசீலித்து ஒப்புதல் தந்தவர், ஆகவே தாமே சாட்சியாக விசாரிக்கப்பட வேண்டியவர், விதிப்படி அவர் இந்தக் குழுவில் அமர முடியாது என்று ஆபீஸ் குறிப்பாகத் தானே எழுதியிருந்ததைப் படித்தார். ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு வாங்கி வாங்கிப் படித்தார்.

பேராசிரியரின் முகம் சிவந்தது. குமாஸ்தாவை யார் அபிப்பிராயம் கேட்டது, அந்தக் குறிப்பை அடித்துவிடு என்றார். யூசுப் சாகிப் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார்.

"அடிக்கச் சொன்னா அடிச்சுடறேன் சார். ஆனா இன்னார் சொல்லி அடிச்சேன்னு பக்கத்துல எழுதணும்" என்றார்.

நீதிபதி கையை நீட்டி அந்தத் தாளை வாங்கி மூன்று முறையாவது படித்திருப்பார். பிறகு கூட்டத்தை ஒத்திவைப்பதாகச் சொல்லி எழுந்தார்.

வெளியூர் போனவர்கள் திரும்பிய பிறகு வேறு குழு உட்கார்ந்தது. அச்சகத்திலிருந்து சரிபார்க்கப் போன தாள் பேராசிரியரின் வீட்டில் இரண்டு நாள் கிடந்ததும், அதே வீட்டில் குடியிருந்த அவர் மைத்துனர் அந்த டுடோரியல் காலேஜில் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அங்கே வெளிப்பட்டன. என்மேல் குற்றமில்லை என்று எழுத்தில் வந்தது. பேராசிரியர் போர்டிலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் அந்தக் குழு உட்காருவதற்கு முன்பே யூசுப் சாகிப்பைப் பழைய ஃபைல்கள் குவிந்த நிலவறைக்கு மாற்றிவிட்டார்கள். எதற்கு என்று உத்தரவில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார், அப்புறம்தான் பழைய பிரிவுக்குத் திரும்ப அழைத்தார்கள். எந்த நிமிஷமும் வேலைநீக்கக் கடிதம் வரும் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

நன்றி சொல்ல நிலவறைக்குப் போயிருந்தேன். நான் ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்தினார். "உங்களுக்காகச் செஞ்சேன்னு நினைக்காதீங்கம்மா. அந்தப் பேரை டைப் அடிச்சது நான். அன்னிக்கு மேல்வரைக்கும் போய்ச் சொல்ல தைரியம் வரலை. அடிச்சுக் கொடுத்துட்டேன். அப்புறம் தூக்கம் வரலை" என்றார். கோழை என்று அவரைத் திட்டியதை நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இனிச் சொல்ல வழியில்லை.

ஹலீமா பீபி சொன்னது இதுதான். அந்த விசாரணை நாள் காலையில் அவருக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, சாயங்காலம் நல்ல சேதி இல்லையென்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாணியம்பாடிக்கு உன் தகப்பனார் வீட்டுக்குப் போகத் தயாராக இரு என்றிருக்கிறார். "உடம்பு சரியில்லைன்னு லீவு சொல்லிடுங்கன்னு அழுதேன். நான் போகலைன்னா வேற யாராவது பேரை மட்டும் படிச்சுட்டு உட்கார்ந்துடுவாங்கன்னாரு" என்றார் அந்த அம்மாள்.

யுத்தம் முடிந்து மூன்று வருஷமாக நானும் விசாரணைக் குழுக்களில் உட்காருகிறேன். அவரிடமிருந்து தைரியம் பெற்றேன் என்று எழுதினால் பொய். பெரியவர்கள் முன்னால் இன்றும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பழக்கம். எதிரே நிற்பவரிடம் ஆட்சேபம் உண்டா என்று ஒரு முறை கேட்டால் விதிக்குப் போதும். நான் இரண்டு முறை கேட்கிறேன். முதல் முறை பதில் சொல்வது அவருடைய பயம்தான் என்று எனக்குத் தெரியும்.

சென்ற வியாழக்கிழமை ஒரு ஹாஸ்டல் வார்டன் எங்கள் முன்னால் நின்றார், ஐம்பது வயதுக்காரர். ஆட்சேபம் இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். பக்கத்திலிருந்தவர் நேரமாகிறது என்றார். நான் காத்திருந்தேன். வார்டன் மெல்ல நிமிர்ந்து, எங்கள் மூவரில் ஒருவரின் பெயரைச் சொன்னார்.