வயலைக் கண்ணால் அளந்தவள்

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நில அளவைக்குப் போயிருந்தேன். கோணலான ஒரு வயலைச் சங்கிலி போட்டு அளந்து, "ஒரு ஏக்கர் பதினேழு சென்ட்" என்றேன். வயல்காரரின் மகள் வரப்பில் நின்றாள். பதினாலு வயதிருக்கும், நெட்டையான உடம்பைக் கூனி மறைத்துக்கொண்டு, முந்தானை நுனியைக் கடித்தபடி, "ஒரு ஏக்கர் பதினாலு சென்ட்டுதான் வரும், அய்யா" என்றாள். திரும்ப அளந்தேன். அவள் சொன்னதுதான் சரி.

"உனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"யாருமில்ல. பாத்தாலே தெரியுது. எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுப்பியளா?"

அவள் அப்பா சிரித்தார். "அடுத்த மாசம் கல்யாணம். பேச்சப் பாருங்க!"

பாளையங்கோட்டையில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இருப்பது எனக்குத் தெரியும். இருந்தும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

மறுவருஷம் அவரிடம் அவளைப் பற்றி விசாரித்தேன். "போன எடத்துல வாயே தொறக்க மாட்டாளாம். ஊமையக் கட்டி வச்சிட்டேன்னு என்னைய ஏசுதாவ, அய்யா" என்றார்.

அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் ஆற்றுக்கு அக்கரைதான். நான் போய்ப் பார்க்கவில்லை.