அடிமை என்று கையெழுத்துப் போட்டவர்

திருக்கழுக்குன்றத்திலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் எனக்குச் செய்தி சொன்னார். அப்போதுதான் கடையைத் திறந்து, கயிற்றுச் சுருள்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் வளைவில் வண்டி மெதுவானது. படியில் தொங்கியபடியே, "அண்ணாத்த, உங்க பாத்திரக்கடை வேதகிரி பூட்டாரு. காலைல அஞ்சு மணிக்காம். மாரு வலிச்சுதாம்" என்றார். பிறகு விசில் கொடுத்தார். வண்டி போய்விட்டது. எடுத்த சுருளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். பிறகு கடையை மூடிவிட்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறிக்கொண்டேன்.

சாவு வீட்டுப் பந்தலுக்கு வெளியே நம் வியாபாரிகள் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "இன்னா பண்றது, குடி வாங்கிக்கினு பூட்ச்சு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். வேதகிரிக்குச் சின்ன வயதில் மூட்டு ஜுரம் வந்து இதயம் பழுதாகியிருந்தது. டாக்டர் அதைப் பல வருஷமாகச் சொல்லிவந்தார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள். அதில் ஒரு பெரிய மனிதர் உள்ளே போய், பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மங்கையம்மாளிடமே, "நேத்து ராத்திரி போட்டுக்கினாரா அண்ணி?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "போட்டுக்கினாரு. மல்லிக் காப்பி. அதுலயும் வெல்லம் ஜாஸ்தின்னு என்னைத் திட்டிட்டுத்தான் படுத்தாரு" என்றார். கேட்டவர் வெளியே வந்துவிட்டார்.

பதினாறாம் நாள் கழிந்ததும் சங்கத்துச் செயலாளர் என் கடைக்கு வந்தார். ஆண்டு மலரில் வேதகிரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். "நீதான் கூடவே சுத்தினவன். நல்லதா நாலு வரி எழுது ஏகாம்பரம். அந்த விஷயம் மட்டும் வேணாம்." சரி என்றேன். வியாபாரியின் 'சரி' எப்படிப்பட்டது என்று செயலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விஷயத்தை மட்டும்தான் எழுதப் போகிறேன்.

சாக்குத் தைக்கும் சணலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்று, பிறகு கயிறு, வாளி, ஆணி என்று கடை வைத்தவன் நான். அவருக்குத் திருக்கழுக்குன்றத்தில் பித்தளை, அலுமினியப் பாத்திரக்கடை. திங்களும் வியாழனும் நான் செங்கல்பட்டில் பஸ் ஏறுவேன், அவர் தம் ஊரில் ஏறுவார். மாமல்லபுரம் போய் ஓட்டல்களில் ஆர்டர் எடுத்து, கல்பாக்கம் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களைப் பார்த்து, திருப்போரூர் வழியாகத் திரும்புவோம். வழி நெடுக எனக்கு விலை ஞாபகம் இருக்கும், அவருக்கு ருசி ஞாபகம் இருக்கும். எந்த ஊரில் சோடாவுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று விசாரிக்காமல் அவர் கோலியை உடைத்ததில்லை. ஒரு ஊர் டீக்கடையை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். "அவன் டீ போடல ஏகா. பாலுக்குத் தேயிலையைக் காட்டிட்டு எடுத்துடறான்."

பூஞ்சேரிப் பக்கம் ஒரு பங்குனிக் காலையில் பதநீர் குடித்தோம். மரமேறி பனையோலைப் பட்டையைப் பிடித்துக் கொடுத்து ஊற்றினார். நான் மடமடவென்று குடித்து முடித்துவிட்டேன். வேதகிரி ஒரு வாய் வைத்ததும் நிறுத்தினார். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்களே, அது அன்றைக்கு அதிகம்.

"சுண்ணாம்பு தூக்கலா கீதே. பதநீருக்காகப் போட்டதா, போலீசுக்காகப் போட்டதா?"

"ரெண்டுக்குந்தான் சாமி" என்று மரமேறி சிரித்தார். "பதநீராவது சொன்ன பேச்சு கேக்கும்."

மதுக்கடைகள் திறந்திருந்த அந்த இரண்டு மூன்று வருஷங்களில் மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில், வேலை முடிந்த பகலில், நாங்கள் பீர் குடித்திருக்கிறோம். ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை. நான் மூன்று பாட்டில் முடிப்பேன், அவர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை சர்வர் கண்ணாடி டம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு எடுத்து வந்தார். "தம்பி, ஐஸைத் தனியாக் குடு. அதுக்கு வேற வேல கீது" என்றார் வேதகிரி. அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடரியில் வைத்துக்கொண்டு, பீரைக் கலப்பில்லாமல் குடித்தார். பெங்களூருக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது அங்கே குழாயில் பிடித்துத் தரும் பீர்தான் அவருக்கு உசத்தி. "இதுல தானிய வாசனை கீது. நம்ம ஊருக்கு வர்ற பாட்டில்ல லாரி வாசனைதான்" என்பார். என் வேகத்தைப் பார்த்து ஒரு நாள் சொன்னார்: "நீ தாகத்துக்குக் குடிக்கிற. தாகத்துக்குத் தண்ணி கீதே."

பிறகு மதுவிலக்கு திரும்பி வந்தது. இங்கிருந்துதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

மதுவிலக்கு வந்ததால் நான் குடியை விடவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து எனக்கு வரும் கயிற்றுச் சுருள்களின் நடுவே பாட்டில்கள் வந்தன. தடித்த தேங்காய் நார்க் கயிறு. லாரி குலுங்கினாலும் உடையாது, செக்போஸ்ட்டில் தட்டிப் பார்த்தாலும் சத்தம் வராது. அந்தச் சுருள்களை என் கிடங்கில் பிரித்தது நான் மட்டுமல்ல. நம் சங்கத்தில் இன்றைக்கும் முன்வரிசையில் உட்காரும் நான்கு பேர் என்னோடு உட்கார்ந்து குடித்தார்கள். பெயர் எழுதப் போவதில்லை. அவரவர் வாய்க்குத் தெரியும்.

வேதகிரிக்கு அது ஒப்பவில்லை. "பயந்துகினே குடிச்சா பயம்தான் ருசிக்கும். எனக்கு பீர் ருசிக்கணும்" என்றார். சட்டப்படி குடிக்க சர்க்கார் பர்மிட் வாங்கப் போகிறேன் என்றார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் சர்டிபிகேட்டோடு மதுவிலக்கு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தோம். குமாஸ்தா விண்ணப்பத்தைப் பிரித்தார்.

"மாசத்துக்கு எவ்ளோ குடிப்பீங்க?"

"ரெண்டு பாட்டில் பீரு. சில மாசம் ஒண்ணு."

"இல்லாம இருக்க முடியுமா, முடியாதா?"

"முடியும். இப்ப இருந்துகினுதானே கீறேன்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனிதர், சலித்துக்கொள்ளவில்லை. "அய்யா, முடியாதுன்னு சொன்னாத்தான் நான் எழுத முடியும். பழக்கத்துக்கு அடிமையானவங்களுக்குத்தான் பர்மிட். ஆசைப்படறவங்களுக்கு இல்ல."

வேதகிரி என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "சரி, எழுதுங்க. எழுதறது உங்க வேல, குடிக்கிறது என் வேல" என்றார். 'மதுப் பழக்கத்துக்கு அடிமையானவர்' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்து விழுந்தது. மாதம் இரண்டு பாட்டிலை நேர்மையாகக் குடிக்க ஆசைப்பட்ட மனிதருக்கு இந்த நாட்டில் வேறு வழி வைக்கப்படவில்லை. வெளியே வந்ததும், "மச்சான், பேரைக் கெடுத்துக்கினியே" என்றேன். "பேரு எதுல கீது ஏகா? அந்தக் காயிதத்துலயா?" என்று கேட்டார். அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது.

திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு நம் சங்கம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறதல்லவா, அதில் பானகம் கரைப்பது வேதகிரியின் பொறுப்பு. சங்கம் ஆரம்பித்த நாள் முதல் அவர்தான். மலை ஏறி இறங்கி வரும் கூட்டம் நம் பந்தலைத் தேடி வந்ததற்கு அவர் கைதான் காரணம். வெல்லத்தை முதல் நாளே ஊறவைத்து மண் தங்கும்படி வடிப்பார், எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிவார். "மலை ஏறினவனுக்குக் குடுக்கறோம். அவனுக்கு நாக்கு செத்துப் போயிருக்கும், அதை எழுப்பணும்" என்பார்.

பர்மிட் வாங்கிய அடுத்த சித்திரைக்கு முன்னால் செங்கல்பட்டில் சங்கக் கூட்டம் நடந்தது. பர்மிட் விஷயம் எப்படி வெளியே போயிற்று என்று தெரியாது. ஒருவர் எழுந்து, "சாமி காரியம். குடிக்கு அடிமைன்னு சர்க்காருக்கே எழுதிக் குடுத்தவரு கையால பானகம் கரைக்கறது நல்லா இல்ல" என்றார். அவர் யார் தெரியுமா? அதற்கு இரண்டு நாள் முன்பு என் கிடங்கில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, என் பாட்டிலில் பாதியைக் காலி செய்தவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிய இருவரும் அன்று கூடவே இருந்தவர்கள்.

வேதகிரி என்னைப் பார்த்தார். எதையும் கேட்கும் பார்வை இல்லை அது. பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்ப்போமே, அப்படி. நான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் கிடங்கு வெளியே வரும், கடை போகும், சணல் விற்ற காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் மனசு ஓடி முடித்துவிட்டது. நான் கணக்காக யோசிக்கிறவன். அந்த ஒரு நாளாவது யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

அவர் எழுந்தார். "பானகத்துல நான் இன்னா கலந்துடுவேன்னு பயப்படறீங்க?" என்று கேட்டார். ஆட்சேபித்தவர் உட்கார்ந்துகொண்டார். "சரி. அண்டா, வடிகட்டுற துணி எல்லாம் என் வூட்டுல கீது. ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் திருவிழாவில் அவர் பந்தலுக்கு வந்தார். ஜனங்களோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரு டம்ளர் வாங்கி, நிதானமாகக் குடித்தார். ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். "வெல்லம் நல்ல வெல்லம். சுக்கு பழசு" என்றார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அன்று அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல பஸ் ஏறினார், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகும் சில வருஷம் சேர்ந்தே சுற்றினோம். ஒரே ஒரு முறை, திருப்போரூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "அன்னிக்கு நான் பேசியிருக்கணும் மச்சான்" என்றேன். அவர் சோடாவைப் பாதியில் நிறுத்தி, "பேசியிருந்தா உன் கயிறு அறுந்திருக்கும். வுடு" என்று சிரித்தார். அவர் மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லப் போவதில்லை. மன்னிப்பது அவர் இஷ்டம். அதை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் மங்கையம்மாளிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாராம்: "மாசம் ரெண்டு பாட்டில் குடிச்சேன். ஊரு எனக்கு அண்டாக் கணக்குல ஊத்திட்டுது." அந்த அம்மாள் இதைப் பதினாறாம் நாள் காரியத்தன்று என்னிடம் சொன்னார். வேண்டுமென்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

போன வாரம் நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். இப்போது வேறொரு குமாஸ்தா. அதே கேள்விகள். "இல்லாம இருக்க முடியுமா, முடியாதா?" என்றார். "முடியாது" என்றேன். சொல்லும்போதே அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. வேதகிரி பொய்யாக ஒப்புக்கொண்ட ஒரு சொல்லுக்காகப் பந்தலிலிருந்து இறக்கப்பட்டார். அதே சொல் எத்தனையோ வருஷமாக எனக்கு மெய்யாக இருந்தது. நான் அங்கே நின்று ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் ருசி எனக்கு வராது. அந்த நாக்கும் அந்த நிதானமும் அவரோடு போய்விட்டன. நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் சுமந்த அந்த ஒரு சொல்லைத்தான். அது இப்போது பர்மிட்டில் என் பெயருக்கு மேலே, முத்திரை குத்தி, என் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்கிறது. வருகிற சித்திரையில் திருக்கழுக்குன்றத்தில் நம் பந்தல் அண்டாவில் நான்தான் பானகம் கரைக்கப் போகிறேன். தடுக்க நினைக்கிற சங்கத்து அங்கத்தினர் யாராக இருந்தாலும் தாராளமாக வரலாம். வந்ததும் முதலில் என் முகத்துக்கு நேரே வாயை ஊதிக் காட்டட்டும்.