தீக்குச்சி அடைத்த துளை

இரண்டு கிழமை இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, தீபாவளி முடிந்தும் போகவில்லை. அவர் அம்மாவின் தம்பி. கொழும்பில் அவர் வேலை பார்த்த வளர்ப்புமீன் கடையைப் பூட்டிவிட்டார்கள். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்ப அவருக்கு வெட்கம். அப்பா வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். மாமா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

முன்னறையில் அப்பாவின் மீன்தொட்டி இருந்தது. வாங்கிய ஆசை தீர்ந்து, தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் கலங்கிக் கிடந்தது. அதை யாருக்காவது தூக்கிக் கொடுக்கப்போவதாக அப்பா சொன்னபோது மாமாவுக்கு ஒரு வழி திறந்தது.

"கீழ ஒரு சம்ப் வச்சிருவோம் மச்சான். தண்ணி பளிச்சுனு நிக்கும்."

சம்ப் என்றால் இன்னொரு தொட்டி. மேல்தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் அதில் இறங்கி, பஞ்சில் அழுக்கை விட்டுவிட்டு, மோட்டர் தள்ள வேறொரு குழாயில் மேலே ஏறும். மாமா கண்ணாடி ஒட்டி அதைச் செய்து மேசைக்கடியில் வைத்தார். மேலேறி மேல்தொட்டியின் அடிவரை இறங்கும் அந்தக் குழாயில், மேல்தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஊசியைச் சூடாக்கி ஒரு சின்னத் துளை போட்டார். எதற்கென்று கேட்டேன்.

"அது தொழில் ரகசியம்டா" என்று சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

சில நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. அப்பா தேத்தண்ணீரோடு தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காரத் தொடங்கினார். வந்தவர்களிடம் "மச்சான் செஞ்சது" என்றார். கடிகாரத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரே ஒரு குறை. துளையிலிருந்து நூலாகப் பீச்சிய தண்ணீர் பட்டுப் பின்சுவரின் பெயின்ட் உப்பத் தொடங்கியது. அப்பாவுக்கு முன்னால் அம்மா அதைப் பார்த்துவிட்டார். "உங்கப்பா பாத்தா அவனைத்தான் ஏசுவாரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஒரு தீக்குச்சியை ஒடித்துத் துளையில் செருகினார். பீச்சல் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஹந்தானையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருக்கிறது. வந்து கதவைத் திறந்தால் முன்னறை முழுக்கத் தண்ணீர். கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்திருந்தது. மேல்தொட்டியில் மிஞ்சிய கொஞ்சத் தண்ணீரில் சில மீன்கள் சரிந்து துடித்தன, சில துடிக்கவும் இல்லை. அப்பாவின் புது அலுமாரி அடிப்பலகை ஊறி வீங்கியிருந்தது.

அப்பா கத்தவில்லை. "போதும்" என்றார்.

அம்மா குந்தியிருந்து தரையைத் துடைத்துத் துணியை வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். மாமா நேரே குழாயிடம் போனார். துளையைத் தடவி, தீக்குச்சியை நகத்தால் கிளப்பி எடுத்தார். குனிந்திருந்த அம்மாவை ஒருமுறை பார்த்தார். குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கீழ்த்தொட்டிய சின்னதா செஞ்சிட்டேன் மச்சான். என் பிழைதான்."

மறுநாள் காலை பையோடு ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினார். மீன்களைக் கொன்றுவிட்டாரே என்று எனக்கும் அவர்மேல் கோபம்தான். ஊறிப்போன குச்சியைப் பத்திரமாக எடுத்துப்போகிறாரே, அது எதற்கு உதவும் என்றும் நினைத்தேன். தோட்டத்திலும் இருக்க முடியாமல் சவூதிக்குப் போன மாமா, சில வருடங்களில் பெட்டியில்தான் திரும்பி வந்தார்.

போன வருடம் என் வீட்டுத் தொட்டிக்குச் சம்ப் வைக்க வந்தவர் குழாயில் அதே இடத்தில் துளை போட்டார். எதற்கென்று மறுபடியும் கேட்டேன்.

"கரண்ட் போனா இதால காத்து உள்ள போகும் சார். இது அடைபட்டா மேல உள்ள தண்ணியெல்லாம் கீழ இழுத்துரும்."

அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்தேன். அப்போது அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார்.

"கீழ்த்தொட்டிய கொஞ்சம் பெருசாவே வைங்க தம்பி. என் தம்பி சின்னதா வச்சித்தான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

"பெருசாத்தாம்மா வைக்கிறோம்" என்றேன்.