அரைத்த அலுமினியமும் உரிந்த ரப்பரும்

உலோகத்தை மட்டமாக அரைக்கிற சர்ஃபேஸ் கிரைண்டிங் தொழிலில் அரைக்கும் கல் சூடாவதற்கு முன்னால் நாம் சூடாகிவிடுவோம். பம்மலில் பட்டறை வைத்திருக்கிறவன் சொல்கிறேன். அலுமினியத்தை அரைத்துத் திட்டும் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

சந்தேகம்

வண்டலூர் கவிதா, மெஷின் காலுக்கு அடியில் அதிர்வு தாங்க வைக்கிற மெத்தை செய்கிறவர். அலுமினிய பிளேட்டை நான் அரைத்துத் தருவேன். அவர் அதில் ரப்பர் ஒட்டி நாவலூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்புவார். ஒருநாள் அந்தக் கம்பெனி திருப்பி அனுப்பியதைப் பையோடு கொண்டுவந்து என் டேபிளில் கொட்டினார். பிளேட் தனி, ரப்பர் தனி.

"இன்னொரு தடவை உரிஞ்சா ஆர்டர் கேன்சலாம். எனக்குப் போச்சுன்னா உங்களுக்கும் போச்சுண்ணா."

என் பட்டறை ஓடுவதே அந்த வேலையில்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "கண்ணாடி கணக்கா அரைச்சுக் குடுத்திருக்கேன், நீ ஒட்டுற கம்முதாம்மா மட்டம்!" என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

"கண்ணாடி கணக்கா இருக்கிறதுலதாண்ணா கம் பிடிக்குமான்னு சந்தேகமா இருக்கு."

கண்ணுக்குத் தெரியாத தோல்

அந்தச் சந்தேகம் என்னையும் பிடித்துக்கொண்டது. தாம்பரத்தில் கம் விற்கிற கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். விலைக்காக இல்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக விளக்கத்துக்காக. அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிசாக ஓர் ஆக்சைடு தோல் இருக்குமாம். நாம் அதை அரைத்து எடுக்கிறோம். கல் நகர்ந்த கணமே காற்று பட்டுப் புதுத் தோல் வந்துவிடும். அது தப்பில்லை. அந்தத் தோல் சுத்தமாக இருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். கிடக்கக் கிடக்க ஈரமும் அழுக்கும் ஏறி, கம் பிளேட்டை விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். கவிதாவோ பிளேட்டை வாரக்கணக்கில் அடுக்கிவைத்துத்தான் ஒட்டுகிறவர்.

"கூடவே புதுத் தோல் வந்துடும்னா நான் எதுக்குய்யா அரைக்கிறேன்?" என்று எகிறினேன். கடைக்காரர் அடுத்த ஆளுக்கு டப்பா எடுத்தபடியே சொன்னார்:

"அரைக்கலன்னா கம் இன்னும் பழைய அழுக்கைப் பிடிச்சிருக்கும் சார்."

இழுத்துப் பார்த்தது

கவிதாவைப் பட்டறைக்கே கூப்பிட்டேன். பாதி பிளேட்டை அரைத்த கையோடு, சூடு தணிய ஊற்றுகிற கூலன்ட் பிசுக்குப் போகத் துடைத்து இங்கேயே ஒட்டினோம். மீதியை வண்டலூர் கொண்டுபோய் வழக்கம்போல் கிடப்பில் போட்டு ஒட்டச் சொன்னேன். பிறகு இரண்டையும் வைஸ் இடுக்கியில் பிடித்து இழுத்தோம். வண்டலூர் ரப்பர் வெந்த தோசை மாதிரி எழும்பி வந்தது. பம்மல் ரப்பர் கிழிந்தது, ஒட்டு விடவில்லை.

ஜெயித்த சூட்டில் ரேட்டை ஏற்றிக் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். கவிதா அதற்குள் என் ஜன்னலோரத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தார்.

"ஒட்டுற டேபிளை இங்கயே போட்டுக்கிறேண்ணா, உங்க தூசிக்குத் திரையும் நானே கட்டிக்கிறேன், வாடகைன்னு வாயெடுத்தீங்க, பிளேட்டை மறுபடி வண்டலூர்லயே ஊறப்போட்டுடுவேன்."

நாவலூர் ஆர்டர் நிலைத்தது, என் வேலையும் நிலைத்தது, சொந்தப் பட்டறையில் எனக்குத்தான் நிற்க இடம் பத்தவில்லை.