வால் முடி கிடையாது

எங்கள் குதிரைக்கு நான் டேபிள் ஃபேன் போட்டிருக்கிறேன். ஆமாம், குதிரைக்குத்தான். குடவாசல் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் இல்லை. "மாமியாளுக்குக் கைவிசிறி, குதிரைக்குக் கரண்டு விசிறியாம்டி" என்று மளிகைக்கடை வாசலில் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். என் மாமியார் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஓடுவது அவளுக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும். ஈ கடித்தால் அவர்களுக்கா வலிக்கப்போகிறது?

என் வீட்டுக்காரர் பந்தல், மைக்செட், சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். சில வருஷங்களாகக் கல்யாணம் வைக்கிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெளியூரிலிருந்து வரவழைத்துப் பார்த்து அலுத்துப்போனவர், ஒரு நாள் மினி லாரியில் வெள்ளைப் பெட்டைக் குதிரை ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை. மறுநாள் காலையில் வேண்டா வெறுப்பாகத் தவிட்டுத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். அது வாளியை மூக்கால் தள்ளிக் கவிழ்த்துவிட்டு, ஏதோ நான்தான் கொட்டிவிட்டேன் என்கிற மாதிரி என்னை முறைத்தது. சரிதான், எனக்கேற்ற ஆள்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குதிரை வந்ததில் என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெரு ஒரு காலத்தில் முழுக்கக் கூலி வேலைக்குப் போன தெரு. என் மாமனார் சைக்கிளில் போனால் மேலத்தெரு முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாராம். இன்றைக்கு இதே தெருவில் நர்ஸ் இருக்கிறாள், இன்ஜினியர் இருக்கிறான், சொந்த வயலில் சம்பா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட தெருவில் ஒரு குதிரை நின்றால் அது வெறும் குதிரையா? அவர் அதைக் குளிப்பாட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அப்படித் தேய்த்துவிட்டதில்லை.

ஆனால் எங்களுக்குக் குதிரை தெரியாது. மாடுதான் தெரியும். மாட்டைப் போலவே வைத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுக் கொட்டகையில் எருமைகளோடு சேர்த்துக் கட்டினோம். ஐப்பசி மழை பிடித்து, நடவு வயலெல்லாம் தண்ணீர் நின்று, வைக்கோல் நசநசவென்று ஊறியதும் ஈ கிளம்பியது. வீட்டில் சோற்றில் உட்காருகிற ஈ இல்லை இது. மாட்டு ஈ. பட்டப்பகலில் வரும், தோலை அறுத்து ரத்தம் குடிக்கும். வெள்ளைத் தோலில் கடித்த இடமெல்லாம் சிவப்பாக ரத்தம் கோடு போட்டு இறங்கும். மாட்டுக்குச் செய்வது போல வேப்பிலையும் உமியும் போட்டு மூட்டம் போட்டோம். எருமைகள் புகைக்குள் சுகமாக அசை போட்டுக்கொண்டு நின்றன. குதிரை இருமி இருமி, கண்ணில் தண்ணீராக வடித்து, கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்கால் வரைக்கும் ஓடிவிட்டது. மண்ணெண்ணெய் தடவு என்று யோசனை சொல்ல ஒருவர் வந்தார். "ஒங்க முதுவுல மொதல்ல தடவிக்கிட்டு வாங்க, பாப்போம்" என்று அனுப்பிவைத்தேன்.

இதெல்லாம் போகட்டும், தெரியாமல் செய்தது. தெரிந்தே செய்தது ஒன்று உண்டு. அதுதான் வால்.

மரு விழுவதற்குக் குதிரை வால் முடியைக் கட்டுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மருவைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டால் கொஞ்ச நாளில் அது வாடி உதிர்ந்துவிடும். அறுத்த முடி பலிக்காதாம், உயிருள்ள குதிரையின் வாலிலிருந்து பிடுங்கியதாக இருக்க வேண்டுமாம். சுற்றுவட்டாரத்தில் வேறு குதிரை கிடையாது. வந்தார்கள். கழுத்தில் மரு, இமையில் மரு, அக்குளில் மரு. அத்தனை மரு இந்த ஊரில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. குதிரையின் வாயில் வெல்லத்தைக் கொடுத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு தானே பிடுங்கி, வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார். மேலத்தெருக்காரர்கள் வந்தால் கூட இரண்டு.

"போதும்ங்க, வாலு தேஞ்ச தொடப்பமா ஆயிட்டுது" என்றேன் ஒரு நாள்.

"சும்மா இருடி. யாரு வந்து நம்ம வாசல்ல நிக்கிறா பாத்தியா? நம்ம அப்பா இவங்க வாசல்ல நின்னாரு. இன்னிக்கு இவங்க நிக்கிறாங்க" என்றார்.

எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் கார்த்திகையில் குதிரை படுத்துவிட்டது. காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். கால் நான்கும் வீங்கி, வயிற்றுக்கு அடியில் நீர் கோத்து, விலா எலும்பு தெரிந்தது. எழுந்து நிற்கவே யோசித்தது. கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"ரத்தத்துல கிருமி இருக்கும்மா. கடிக்கிற ஈதான் ஒரு மிருகத்துலேருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு வருது. எருமைக்கு இருந்தா வெளிய தெரியாது, தாங்கிக்கும். குதிரையச் சாய்ச்சிடும். ஊசி போட்டிருக்கேன், தேறிடும்னு நெனைக்கிறேன். ஆனா திரும்ப வந்துதுன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. இனிமே ஈ ஒக்காராம பாத்துக்குங்க."

பிறகு வாலைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன, தோல் வியாதி ஏதாவது வந்துதா?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "மருவுக்குங்க..."

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "ஈ ஓட்டுறதுக்கு அதுகிட்ட இருக்கறதே அந்த வால் ஒண்ணுதான். அதையும் பிச்சு ஊருக்குக் குடுத்துட்டு, ஈ கடிக்குதுன்னு என்னைக் கூப்பிட்டா நான் என்னங்க பண்றது?"

அவர் போனபிறகு நான் குதிரையின் பின்பக்கம் போய் நின்று பார்த்தேன். தொடையில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. வால் ஓங்கியது, எட்டவில்லை. மறுபடி ஓங்கியது, எட்டவில்லை. ஈ அசையாமல் உட்கார்ந்து குடித்துக்கொண்டே இருந்தது. அங்கேயே முடிவு செய்தேன், இனி இந்த வாலிலிருந்து ஒரு முடி வெளியே போகாது, எவன் வந்தாலும் சரி.

மறுநாளே குதிரையை எருமைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்து, எங்கள் கொல்லையில் பந்தல் கம்புகளை நட்டுத் தனியாக ஒரு கொட்டகை போட வைத்தேன். நாற்றங்காலுக்குக் கட்டுகிற பச்சை வலையை மூன்று பக்கமும் இறக்கினேன். சாணியும் ஈர வைக்கோலும் ஒரு பொழுதுகூடத் தங்கவிடுவதில்லை, அன்றன்றைக்கு அள்ளித் தூரத்துக் குழியில் கொட்டி மூடிவிடுவேன். ஃபேன் வைத்தேன், காற்று வேகமாக அடித்தால் ஈயால் வந்து உட்கார முடியாது. பழைய கொசுவலையை வெட்டிக் கண்ணை மறைக்கிற முகமூடி தைத்தேன். பந்தல் ஓரத்தில் தொங்குகிற ஜரிகைக் குஞ்சம் இருக்கிறதே, அதில் ஒரு முழம் அறுத்து நெற்றிப்பட்டையில் வைத்துத் தைத்தேன். தலையை ஆட்டினால் குஞ்சம் ஆடும், ஈ பறக்கும். வாடகைக்குப் போகிற சாமானை அறுத்துவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே கூட்டிப் போனால் ஊரே வேடிக்கை பார்த்தது. "என்னக்கா, குதிரைக்கு முக்காடா? பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார்கள். "ஆமா, ஒங்க வீட்டுலேருந்துதான் கேட்டு வந்தாங்க, குடுக்கறதா இல்ல" என்றேன். மருவோடு வந்தவர்களை எல்லாம் டாக்டரிடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன், திருப்பியும் கொடுத்தேன்.

அப்போதுதான் மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரர் வந்தார். என் மாமியார் இடுப்பு ஒடியும் மட்டும் நடவு நட்டது அவர் வயலில்தான். தேர்தலுக்குக்கூட எங்கள் தெருவுக்கு ஆளைத்தான் அனுப்புவார், தான் வரமாட்டார். அவரே காரை விட்டு இறங்கி வந்து வாசலில் நின்றார். கழுத்தில் மரு, சட்டைக் காலர் உரசி உரசிப் புண்ணாகிவிட்டதாம்.

என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவருக்கே தெரியாமல் எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவர் வெல்லம் எடுக்க உள்ளே திரும்பியபோது நான் கொட்டகை வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"முடி தர்றதுக்கில்லீங்க" என்றேன்.

பெரிய வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்னப்பா, ஒரே ஒரு முடி. அதுக்குப் போயி என்னமோ சொத்தக் கேட்ட மாதிரி பேசுது?"

"ஒண்ணு ஒண்ணாத்தாங்க வாலே போச்சு. அது செத்துப் பொழச்சிருக்கு. இனிமே ஈ கடிச்சா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. தரமாட்டேன்."

"ஏம்மா, நான் யாருன்னு தெரியுதுல்ல?"

"நல்லாத் தெரியுதுங்க."

அவர் மெதுவாக, சிரித்துக்கொண்டே சொன்னார். "சரி. ஊர்வலமெல்லாம் எங்க தெரு வழியாத்தான் போவணும். பாத்துக்குங்க."

"போவும்ங்க. வாலோட போவும்" என்றேன்.

கார் கிளம்பிப் போனது. என் வீட்டுக்காரர் கையில் வெல்லத்தோடு அப்படியே நின்றார்.

"அவரு நம்ம வீட்டுக்கு வந்தாருடி. வராத மனுசன் வந்தாரு. இப்புடி அனுப்பிட்டியே" என்றார். கண் கலங்கியிருந்தது.

"வந்தாரு. முடி கேட்டு ஊரே வந்துச்சு, எல்லாரும் வாங்கிட்டுப் போனாங்க. நம்ம வாசல்ல நின்னு இல்லைன்னு கேட்டுட்டுப் போனவங்க யாராவது உண்டா? கேட்டத வாங்காமப் போவமாட்டாங்கன்னா, அவங்க வாசலுக்கு நாம போயிக் குடுத்தாலும் ஒண்ணுதான், நம்ம வாசலுக்கு அவங்க வந்து வாங்குனாலும் ஒண்ணுதான். இல்லைன்னு சொல்ல முடியாதவங்க அப்பவும் நாமதான், இப்பவும் நாமதான்!"

அவர் வெல்லத்தைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஊர்வலம் நின்றுவிட்டால் தொழிலே நின்றுவிடும். ஆனால் குஞ்சம் ஆட, ஃபேன் ஓட, குதிரை நிம்மதியாகக் கண்ணை மூடி நிற்பதைப் பார்க்கும்போது, செய்தது சரிதான் என்று மனம் திடமாகச் சொன்னது.

தை மாதம் டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். கிருமி இல்லை என்றார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. வாலில் புதுமுடி முளைத்துக் குச்சி குச்சியாக நின்றது. அந்த மாதமே எங்கள் தெருப் பையன் கல்யாணத்துக்கு, முகமூடியும் குஞ்சமுமாக, குதிரை மேலத்தெரு வழியாகத்தான் போனது. யாரும் மறிக்கவில்லை. ஒன்றிரண்டு கதவு சாத்தியிருந்தது, அவ்வளவுதான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாசியில் ஒரு நாள் காலையில் நான் அடுக்களையில் இருந்தேன். வாசலில் குரல் கேட்டது. பெரிய வீட்டுக் காரியக்காரர், அவர்கள் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிறவர். வீட்டம்மாவுக்கு இமையில் மருவாம், அம்மாவே சொல்லி அனுப்பினார்களாம், ஒரே ஒரு முடி போதுமாம். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இல்லீங்க."

"இல்லையா? யாரு கேக்கறாங்கன்னு..."

"யாரு கேட்டாலும் கிடையாதுங்க. ஈ கடிக்குது."

காரியக்காரர் மேலே ஏதோ சொன்னார், இவர் மறுபடியும் கிடையாது என்றார். ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் போல எனக்குத் துடித்தது. போகவில்லை. அவரே சொல்லி முடிக்கட்டும் என்று உள்ளேயே நின்றுகொண்டேன்.